பேர் என்னன்னு எழுதட்டும்?

தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். மணி பதினொன்றாகியும் ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்த பனிமஞ்சு கடை வாசலை விட்டு நகரவில்லை. குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக ஒருவர் உள்ளே வந்தார். ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டே நின்றார். எங்களுடையது கொடைக்கானலில் ஒரு சின்ன போட்டோ ஸ்டுடியோ. வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பவர்கள் பெரும்பாலும் பாஸ்போர்ட் சைஸுக்கு வந்தவர்கள்தான்.

"வாங்க, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. குல்லாவக் கழட்டிருங்க."

கழற்றினார். வழுவழு மொட்டை, அதில் காய்ந்த சந்தனம். மீசையும் போயிருந்தது. பழனிக்கு நடந்து போய் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னேன், தோளைத் தளர்த்தச் சொன்னேன். பல் தெரிந்தால் ஆபீஸில் வாங்க மாட்டார்கள், சிரிக்காதீங்க என்றேன். அவர் இன்னும் அதிகமாகச் சிரித்தார். ஒருவழியாக இரண்டு படம் எடுத்து, பின்னணியை வெள்ளையாக்கி, எத்தனை காப்பி என்று கேட்டேன். எட்டு என்று விரலால் காட்டினார். அரோகரா போட்டுத் தொண்டை கட்டிய ஆட்கள் அந்த வாரம் முழுக்க வந்துகொண்டிருந்ததால் அதுவும் எனக்கு விசித்திரமாகப் படவில்லை.

கவரை எடுத்து, பேனாவைத் திறந்தேன். "பேர் என்னன்னு எழுதட்டும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. கரகரத்த குரலில் அவர் சொன்னார்: "மச்சான்னு எழுதுங்க மாப்ள."

என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். பத்தொன்பது வருடப் பழக்கம். தங்கைக்குப் பஞ்சாமிர்தம் கொடுக்கப் பழனியிலிருந்து நேராக மேலே ஏறி வந்தவர். முதலில் நான் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்திருக்கிறார். கவரை எடுத்தபோதுதான் விளையாட்டில்லை என்று புரிந்திருக்கிறது.

அன்று இரவு வீட்டில் நடந்ததை விவரிக்கப் போவதில்லை. "எங்க அண்ணனைக்கூடவா?" என்ற கேள்வி மட்டும் பல தொனிகளில் பல தடவை வந்தது. அந்த எட்டு காப்பியும் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. மொட்டைத் தலையோடு எடுத்த படம் எதற்கு ஆகும்?

எனக்கு முகங்கள் நிற்பதில்லை. கண் நன்றாகத் தெரிகிறது. எதிரில் இருப்பவரின் கண், மூக்கு, உதட்டு மச்சம் எல்லாம் தெரிகிறது. அவர் சிரிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா என்பதும் தெரிகிறது. ஆள் திரும்பிப் போனதும் அந்த முகம் கையில் அள்ளிய தண்ணீர் மாதிரி போய்விடுகிறது. அதனால் நான் ஆட்களை வேறு வழிகளில் பிடிக்கிறேன்: நடை, இருமல், வண்டிச் சத்தம், கையில் இருக்கும் குடை, மீசை. மச்சானைப் பொறுத்தவரை எனக்கு அவருடைய மீசையும் சுருட்டை முடியும் குரலும்தான் மச்சான். பழனி முருகன் மூன்றையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டால் நான் என்ன செய்வது?

மலையில் இருப்பதில் எனக்கு ஒரு வசதி, ஸ்வெட்டர். குளிர் முடியும்வரை ஒரே ஸ்வெட்டரைப் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். பால்காரர் என்றால் பச்சைக் கட்டம், எதிர்க்கடைக்காரர் என்றால் முழங்கையில் ஒட்டுப் போட்ட காப்பி நிறம். பள்ளிக்கூடத்தில்தான் பெரும்பாடு. அறுபது பிள்ளைகளும் ஒரே நீலத்தில். வாத்தியார் நோட்டுகளைக் கொடுத்து விநியோகம் பண்ணச் சொன்னால் பெயரை உரக்கப் படிப்பேன், யார் எழுந்து வருகிறார்களோ அவர்களிடம் கொடுப்பேன். அது எனக்குச் சத்தமாகப் படிக்கும் ஆசை என்று நினைத்துப் பேச்சுப் போட்டியில் சேர்த்துவிட்டார்கள்.

ஊரில் எனக்குத் தலைக்கனம் என்று பேர். சந்தையில் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான், முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான், என்று அப்பாவின் காதுக்குப் பல தடவை வந்திருக்கிறது. முகம் கொடுத்துப் பேசுவது, முகத்தை முறிப்பது, முகத்தில் முழிப்பது, முகராசி என்று நம் மொழியில் உறவைச் சொல்ல வருகிற வார்த்தைகளில் பாதி முகத்தில்தான் தொடங்குகின்றன. அதை மறப்பவனுக்கு இங்கே மரியாதை கிடைப்பது கஷ்டம்தான்.

இதில் பெரிய வேடிக்கை அப்பா. ஒரு தடவை பார்த்த முகத்தை அவர் மறந்ததே கிடையாது. மன்னவனூரிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தால், "நீ சின்னப் பிள்ளையா இருக்கிறப்ப உங்க அக்கா கல்யாணத்துக்கு எடுத்தேன்ல, முன் வரிசையில மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னியே" என்பார். அந்த அம்மா வெட்கப்பட்டு ஆமாம் என்பார். இப்படிப்பட்டவர்களை 2009இல் ரிச்சர்ட் ரஸ்ஸல், பிராட் துஷேன், கென் நாகயாமா என்ற மூவர் ஹார்வர்டில் சோதித்து, அபார முகநினைவுக்காரர்கள் என்று தனி இனமாகவே எழுதினார்கள். அந்தப் பக்கக் கோடியில் அப்பா, இந்தப் பக்கக் கோடியில் நான். நடுவில் ஒரு கல்லாப்பெட்டி.

அப்பா தொழிலைத் தொடங்கியது கறுப்புத் துணி போட்ட ஸ்டாண்டு கேமராவில். அதன் பின்பக்கம் ஒரு மங்கல் கண்ணாடி இருக்கும். துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தால் உட்கார்ந்திருப்பவர் அதில் தலைகீழாகத் தெரிவார். ஆறேழு வயதில் அந்தத் துணிக்குள் நுழைவதுதான் என் பெரிய பொழுதுபோக்கு. அப்பா எனக்குச் சொன்ன முதல் தொழில் ரகசியமும் அதைப் பற்றித்தான்: "ஃபோகஸ் மட்டும் கண்ணாடியில பாரு. மூஞ்சிய வெளியில வந்து பாரு. தலைகீழா இருக்கிற மூஞ்சிய நம்பாத, அது சிரிக்குதா அழுவுதான்னே தெரியாது."

முகங்களை மறக்காத ஒரு மனிதர் அனுபவத்தில் கண்டுபிடித்தது இது. 1969இல் ராபர்ட் யின் என்பவர் இதைச் சோதனையாகவே செய்திருக்கிறார். வீடு, விமானம் மாதிரிப் படங்களைத் தலைகீழாகக் காட்டினாலும் அடையாளம் காண்பது கொஞ்சம் சிரமமாகும். முகமென்றால் அந்தச் சிரமம் பல மடங்காகிறது. காரணம், மூளை முகத்தைத் துண்டு துண்டாகப் படிப்பதில்லை. சாம்பாரை வாயில் வைத்ததும் இது அம்மா வைத்தது என்று தெரிகிறதே, புளி இவ்வளவு பெருங்காயம் இவ்வளவு என்று நாம் கணக்குப் பார்த்தா சொல்கிறோம்? கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு, மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் எவ்வளவு என்று எல்லாத் தூரங்களும் ஒரே வாயாக உள்ளே போகின்றன. படத்தைத் தலைகீழாக்கினால் அந்த மொத்த ருசி போய், கண் தனியாக, வாய் தனியாக என்று துண்டுகளாகப் பார்க்க வேண்டியதாகிறது.

இதை வைத்து 1980இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்சன் ஒரு குறும்பு செய்தார். அப்போது பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டி, தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் ஒட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாக வைத்துப் பார்த்தால் ஒரு கோளாறும் தெரியாது, ஏதோ சிரித்த முகம் மாதிரி இருக்கும். நேராகத் திருப்பினால் குலைநடுங்கும். நான் என்னுடைய பாஸ்போர்ட் போட்டோவிலேயே இதைச் செய்து, ஸ்டுடியோ சுவரில் தலைகீழாக மாட்டி வைத்திருந்தேன். வாடிக்கையாளர்கள் "சார், படம் தலைகீழா தொங்குது" என்று திருப்பி மாட்டுவார்கள், அப்புறம் ஓரடி பின்வாங்குவார்கள். ஒரு பாட்டி கும்பிடு போட்டதும் கழற்றிவிட்டேன்.

டார்க் ரூம் இன்னொரு பள்ளிக்கூடம். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். முடி நரைத்து, பல் கறுத்து, கருவிழி ஒளிவிடும். அப்பா ஈர நெகட்டிவை விளக்குக்கு நேரே தூக்கி, "இது யாரு, சொல்லு" என்று கேட்பார். அண்ணன் தப்பும் தவறுமாகச் சொல்வான். நான் சட்டைக் காலரைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடுவேன். வீட்டில் எனக்குத்தான் கண் கூர்மை என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெகட்டிவில் பழக்கமான முகம்கூடப் பிடிபடாததற்கு ஒரு அழகான காரணம் இருக்கிறது. அநேகமாக எந்த வெளிச்சத்திலும் எந்த நிறத்து மனிதருக்கும், கண் குழி பக்கத்திலிருக்கும் நெற்றியையும் கன்னத்தையும்விட இருண்டுதான் இருக்கும். மூளை முகத்தைப் பிடிப்பதற்கு இந்த இருட்டு–வெளிச்ச வரிசையைப் பெரிதாக நம்பியிருக்கிறது. நெகட்டிவ் அதைக் கவிழ்த்துவிடுகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருக்கும் பவன் சின்ஹாவின் குழு 2009இல் ஒரு சோதனை செய்தது. முகம் முழுவதையும் நெகட்டிவாகவே விட்டுவிட்டு, கண் பகுதியை மட்டும் நேர்ப்படமாக மாற்றினார்கள். அடையாளம் காணும் திறன் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது. கண்ணைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவுதான். அப்பா பென்சிலால் நெகட்டிவில் டச்சப் செய்யும்போது கண்ணுக்கு அடியில் மட்டும் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஏன் என்று கேட்டால், "அங்கதான் ஆள் இருக்கான்" என்பார்.

எனக்கு இருப்பதற்கு ஒரு பேர் உண்டு என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. புரோசோபாக்னோசியா. கிரேக்கத்தில் புரோசோபோன் என்றால் முகம். தமிழில் முகமறியாமை என்று சொல்லிக்கொள்கிறேன். 1947இல் யோவாக்கிம் போடாமர் என்ற ஜெர்மன் மருத்துவர் வைத்த பேர் அது. அவரிடம் வந்தவர்களில் ஒருவர், தலையில் குண்டடிபட்ட 24 வயது இளைஞர். வீட்டாரைத் தெரியவில்லை, நண்பர்களைத் தெரியவில்லை, கண்ணாடியில் தன் முகத்தையே தெரியவில்லை. குரலாலும் நடையாலும் மட்டும் ஆட்களைக் கண்டுகொண்டார். அடிபடாமல், பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் உண்டு, நூற்றுக்கு இரண்டு பேர் இருக்கலாம் என்று பிற்காலத்து ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஏரியைச் சுற்றி நடக்கிறவர்களில் எனக்குத் துணை நிறைய இருக்கிறது, யார் என்றுதான் தெரியாது. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸும் எங்கள் கட்சி. எதிரே வந்த தாடிக்காரர்மேல் இடித்துவிட்டதாக நினைத்து மன்னிப்புக் கேட்டு, அது கண்ணாடியில் தெரிந்த தானே என்று உணர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். "அவரு டாக்டரு" என்றாள்.

மூளையில் இது நடக்கும் இடத்தையும் ஓரளவு குறித்திருக்கிறார்கள். காதுக்கு உள்பக்கம், மூளையின் அடிப்பரப்பில், நீளமான ஒரு மடிப்பு இருக்கிறது. 1997இல் நான்சி கான்விஷரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஸ்கேனில் பார்த்தபோது, அந்த மடிப்பில் ஒரு சின்னத் திட்டு மற்ற பொருள்களைவிட முகங்களுக்கு மிக அதிகமாகத் துடிப்பதைக் கண்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு வலப்பக்கம்தான் அது வலுவாக இருக்கிறது. வேகம்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. முகம் கண்ணில் பட்டு ஏறக்குறைய ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கில், சுமார் 170 மில்லிநொடியில், தலையில் ஒட்டிய மின்முனைகளில் அதற்கான அலை பதிவாகிவிடுகிறது. நான் ஸ்வெட்டரைப் பார்த்து, செருப்பைப் பார்த்து, பேச்சுக் கொடுத்து, பத்து நிமிடத்தில் வந்து சேரும் இடம் அது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மார்கழி, தை இரண்டு மாதமும் இந்த ஊரே என்னைப் போல ஆகிவிடுகிறது.

1979இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் எல்லிஸ், ஷெப்பர்ட், டேவிஸ் மூவரும் கண்டது: நன்றாகத் தெரிந்தவரை அடையாளம் காண நமக்குக் கண், மூக்கு, வாய் இருக்கும் உள்முகம்தான் அதிகம் உதவுகிறது. அவ்வளவாகப் பழகாதவர் என்றால் முடி, நெற்றி வளைவு, தாடை வடிவம் என்ற வெளிச்சட்டத்தையும் அதே அளவுக்கு நம்புகிறோம். குரங்குக் குல்லா என்ன செய்கிறது? சரியாக அந்த வெளிச்சட்டத்தைத்தான் மூடுகிறது. வீட்டார் வீட்டாரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அரைகுறைப் பழக்கக்காரர்கள் எல்லாரும் அந்நியர்களாகிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பூண்டு மூட்டைகளுக்கு நடுவே, பூம்பாறைக்காரரும் வில்பட்டிக்காரரும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்து, "யாரு, நம்ம இவரா?" என்று குல்லாவை மேலே தூக்கிக் காட்டிக்கொள்வதை நிறையத் தடவை பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் காட்சி கொடுக்கும் திருப்தியை வெளியே சொல்வதில்லை.

வீடு மூஞ்சிக்கல்லில். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அது கொடைக்கானலில் ஒரு இடத்தின் பெயர். மூஞ்சியும் கல்லும் சேர்ந்த பெயருள்ள ஊரில் வளரும் பையன் என்ன செய்வான்? ஒவ்வொரு பாறையிலும் மூஞ்சி தேடினேன். கிடைத்தது! இரண்டு பொந்து, கீழே ஒரு வெடிப்பு இருந்தால் போதும், பாறை என்னை முறைக்கும். சாயங்காலம் வெயில் சாய்ந்தால் இன்னும் கூடுதலாக முறைக்கும். தெரிந்த மனிதர்கள் முகமில்லாமல் போக, தெரியாத பாறைகளுக்கெல்லாம் முகம் முளைத்தது எனக்கு அப்போதே ஒரு அநியாயமாகப் பட்டது.

இரண்டும் வேறு வேறு வேலை என்று இப்போது தெரிகிறது. "இது ஒரு முகம்" என்று கண்டுபிடிப்பது ஒன்று, "இது இன்னார் முகம்" என்று சொல்வது இன்னொன்று. எனக்குப் பழுது இரண்டாவதில்தான். முதலாவது கிட்டத்தட்ட பிறந்தவுடனேயே வேலை செய்கிறது. 1975இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்து சுமார் ஒன்பது நிமிடமே ஆன குழந்தைகள், கண் மூக்கு கலைத்துப் போட்ட படத்தைவிட ஒழுங்கான முகப்படத்தைத்தான் அதிகத் தூரம் தலை திருப்பிப் பின்தொடர்ந்தன. இப்படி ஒரு முந்திரிக்கொட்டை உள்ளே உட்கார்ந்திருப்பதால்தான் லாரியின் முன்பக்கம் முறைக்கிறது, வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் வேலை செய்கிறது. பூசணிக்கு மூக்குகூட வரைய வேண்டியதில்லை.

1976 ஜூலை 25ஆம் தேதி வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயின் சிடோனியா பகுதியை எடுத்த படத்தில் ஒரு முகம் தெரிந்ததும், உலகமே மூஞ்சிக்கல்லானது. பக்கவாட்டு வெயிலில் ஒரு மேட்டின் நிழல் கண்ணும் வாயுமாக விழுந்திருந்தது, அவ்வளவுதான். 1998இலும் 2001இலும் இன்னும் துல்லியமான படங்கள் வந்தபோது அது வெறும் குன்று. ஸ்டுடியோக்காரனுக்கு இது வியப்பில்லை. லைட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தால் மூக்கின் நிழல் எங்கே விழும் என்பதை வைத்துத்தானே அப்பா இத்தனை வருடம் சோறு போட்டார்.

அப்பத்தாவுக்கு ஒரு சட்டம் உண்டு. மழைக்காலத்தில் கரண்டு போனால் மெழுகுவத்தியோடு கண்ணாடி முன்னால் நிற்கக் கூடாது, வேறு யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்பார். நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நிமிடத்துக்குள் நெற்றி வழிந்து, ஒரு கண் கீழே இறங்கி, யாரோ கிழவர் தெரிந்தார். போர்வைக்குள் ஓடிவிட்டேன். 2010இல் ஜியோவான்னி கபூட்டோ என்ற இத்தாலியர் மங்கல் வெளிச்சத்தில் ஐம்பது பேரைக் கண்ணாடி பார்க்க வைத்து எழுதியது அப்பத்தா சொன்னதேதான். உருக்குலைந்த தன் முகம், அந்நியர், விலங்கு, பூதம் எல்லாம் தெரிந்திருக்கின்றன. கண் அசையாமல் ஒரே இடத்தை வெறித்தால் சுற்றியிருப்பது மங்கிக் கரையும். கரைந்ததை மூளை தன்னிடமிருக்கும் சரக்கை வைத்து நிரப்பும்.

நிரப்புகிற இந்தப் பழக்கத்தை நான் தெளிவாகப் பார்த்தது அண்ணி வீட்டு அடுப்படியில். அண்ணி வீட்டிலேயே சாக்லேட் செய்து கடைகளுக்குப் போடுபவர். டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா முகம் வைத்த பிளாஸ்டிக் அச்சுத் தட்டுகளைக் கழுவி ஜன்னலோரம் சாய்த்து வைத்திருந்தார். தாத்தாவின் மூக்கும் தாடியும் என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் போனால் குழி! அச்சு என்றால் குழியாகத்தானே இருக்கும். நாலடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடினால் மறுபடி புடைத்து வந்தது. நான் இடப்பக்கம் நகர, தாத்தாவும் என்னோடு தலையைத் திருப்பினார். அதே தட்டில் இருந்த மரமும் மணியும் ஒழுங்காகக் குழியாகவே இருந்தன. "என்ன தம்பி, சாக்லேட்டுத் தட்டோட டான்ஸ் ஆடுறீங்க?" என்று அண்ணி கேட்டார். செல்போனில் எடுத்துக் காட்டியதும் அவர் சாக்லேட் கிண்டுவதை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பிரிஸ்டலில் இருந்த ரிச்சர்ட் கிரெகரி என்ற உளவியலாளர் முகமூடியின் உள்பக்கத்தைக் காட்டி விளக்கிய மயக்கம் இதுதான். பிறந்ததிலிருந்து நாம் பார்த்த முகமெல்லாம் வெளியே புடைத்தவை, உள்வாங்கிய முகம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எனவே கண் "குழி" என்று சொன்னாலும் மூளை "சும்மா இரு, முகம் அப்படி இருக்காது" என்று அடக்கிவிடுகிறது. தெரிந்துகொண்டாலும் மயக்கம் போவதில்லை. இதில் ஏமாறாதவர்களும் இருக்கிறார்கள். ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு உள்ளவர்கள் பலருக்குக் குழி குழியாகவே தெரிகிறது என்று 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உள்ளதை உள்ளபடி பார்ப்பது எப்போதும் ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை போல.

ஸ்டுடியோவில் தினமும் நடக்கும் சண்டை ஒன்று இருக்கிறது. படத்தைக் கையில் வாங்கியதும், "இது நான் மாதிரியே இல்லையே" என்பார்கள். கூட வந்தவர் "அச்சு அசல் நீதான்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. தன்னை ஒருவர் கண்ணாடியில் பார்த்தே பழகியிருக்கிறார், இடம் வலம் மாறி. நண்பர் பார்ப்பது நேர் முகம். 1977இல் மீட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டுக் காட்டியபோது, படத்தில் இருந்தவர்கள் கண்ணாடிப் பிம்பத்தையும் நண்பர்கள் நேர்ப்படத்தையும் விரும்பினார்கள். இதைப் படித்த பிறகு, தகராறு பண்ணுகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிக் காட்டுகிறேன். "ஆங், இதுதான் நான்" என்று உடனே சமாதானமாகிவிடுவார்கள். அப்புறம் நேர்ப்படத்தையே பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஆபீஸ் வேலைக்குக் கண்ணாடிப் பிம்பம் கொடுப்பது முறையில்லை.

முகமறிந்தவர்கள் என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இன்னொன்று. 2011இல் பிரிட்டனில் ராப் ஜென்கின்ஸ் குழுவினர் 40 போட்டோக்களைக் கொடுத்து, ஆளுக்கொரு குவியலாகப் பிரிக்கச் சொன்னார்கள். பலர் ஏழு, எட்டு, ஒன்பது குவியல் போட்டார்கள். படங்களில் இருந்தது இரண்டே பேர், இருவரும் நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். அவர்களை அறிந்த நெதர்லாந்துக்காரர்கள் இரண்டே குவியலாகச் சுலபமாகப் பிரித்துவிட்டார்கள். தெரியாத முகத்தைப் பொறுத்தவரை எல்லாரும் கிட்டத்தட்ட என் நிலைமைதான், இதை மச்சானுக்கும் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை.

மச்சான் விஷயத்தில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது, யாரென்று தெரியாத அந்த ஆளிடம் எனக்குச் சகஜமாக இருந்தது. சாதாரணமாக வாடிக்கையாளரின் தாடையைக் கைவைத்துத் திருப்ப மாட்டேன், அன்று திருப்பினேன். மூளையில் அடிபட்டு முகமறியும் திறனை இழந்த சிலருக்கு, உறவினர் படத்தைக் காட்டினால் "தெரியாது" என்று வாய் சொல்லும், ஆனால் உள்ளங்கையில் வியர்வை மாறும். 1980களிலேயே இதை அளந்திருக்கிறார்கள். இதற்கு நேர் மறுதலையானது காப்கிராஸ் என்ற நிலை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் பார்த்த ஓர் இளைஞர், விபத்துக்குப் பிறகு, தன் பெற்றோரைப் பார்த்து "இவர்கள் என் அப்பா அம்மா மாதிரியே இருக்கும் வேறு ஆட்கள்" என்றார். போனில் பேசினால் மட்டும் அப்பா அப்பாதான். முகம் தெரிகிறது, அதோடு வர வேண்டிய பாசம் மட்டும் வந்து சேரவில்லை, நடுவே கம்பி அறுந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். அதைவிட என் பாடு தேவலாம். எனக்கு முகம் வருவதில்லை, மற்றதெல்லாம் வந்துவிடுகிறது.

இரண்டு வருடமாக அப்பாவுக்கும் முகம் தெரிவதில்லை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது, ஓரப் பார்வை மட்டும் இருக்கிறது. நேரே பார்த்தால் எதிரில் இருப்பவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அழுக்கு வட்டம், சுற்றிலும் காதும் தோளும். ஆரம்பத்தில் கடைக்கு வருகிறவர்களைக் கண்டு ஒதுங்கிப் போனார். ஒருநாள் ராத்திரி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நீ எப்படிடா இத்தனை வருஷம் சமாளிச்ச?" என்று கேட்டார். தலைக்கனம் என்று ஊர் சொன்னதை நம்பி என்னைத் திட்டிய மனிதர். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். செருப்புச் சத்தத்தைக் கேளுங்கள், யார் முதலில் பேசுகிறார்கள் என்று காத்திருங்கள், "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா" என்று கேட்டால் அவர்களே வீட்டைச் சொல்லிவிடுவார்கள். கடைசி உபாயத்தை அவர் மிகவும் ரசித்தார். "நீ என்கிட்டயும் இதக் கேட்டிருக்கியேடா" என்றார். கேட்டிருக்கிறேன், ஒரு தடவை, அவர் முடிக்குச் சாயம் போட்டிருந்தபோது.

போன மாதம் ஒரு சாயங்காலம் அப்பாவையும் மகளையும் கோக்கர்ஸ் வாக்குக்கு அழைத்துப் போனேன். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர் மலைச்சரிவின் விளிம்பில் போட்ட நடைபாதை அது. மேற்கே வெயில் எட்டிப் பார்க்க, கீழே பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு சுவர் மாதிரி எழும்பி நின்றது. இந்த இரண்டும் சேர்ந்து அமைந்தால் அங்கே ஒன்று தெரியும். நம் நிழல் மஞ்சின்மேல் பெரிய உருவமாக விழும், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் வரும். ஜெர்மனியின் பிராக்கன் சிகரத்தில் 1780இல் யோஹான் சில்பர்ஷ்லாக் எழுதி வைத்ததால் பிராக்கன் பூதம் என்று பேர்.

"அப்பா, என் தலையச் சுத்தி ரெயின்போ!" என்று மகள் குதித்தாள்.

"உன் தலைக்கு இல்லடி, எனக்குத்தான்" என்றேன். இருவரும் சரிதான். மஞ்சின் துளிகள் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புவதால், அவரவர் கண்ணுக்கு அவரவர் நிழல் தலையைச் சுற்றி மட்டும்தான் அந்த வட்டம் தெரியும்.

அப்பா கண்ணை ஓரமாகத் திருப்பி, கோழி பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிழல்கள், ஒன்றுக்கும் முகம் கிடையாது.

"நடுவுல நிக்கிறது யாரு?" என்றார்.

"வலது தோள் இறங்கியிருக்கு. கேமராப் பை தூக்கின தோள். நீங்கதான்ப்பா."

அவர் நம்பவில்லை. மெதுவாக இடது கையைத் தூக்கினார். மஞ்சில் நடு உருவம் கையைத் தூக்கியது. கையை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

"ஆமா, நான்தான்" என்றார்.